சாக நினைப்பதாக நண்பர் சொன்னதை இரகசியமாக வைத்திருக்கலாமா?

18 வயதில் சிறுவர் இல்லத்தை விட்டு வெளியேறி, மட்டக்களப்பு நகரில் வேலை செய்யும் கடையிலும் தெரிந்தவர்களின் அறைகளிலும் மாறிமாறித் தங்கும் உங்கள் நண்பர், சாக நினைப்பதாகச் சொல்லிவிட்டு, அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியதாக எழுதி, அதைக் காக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சத்தியத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை.

வீடற்ற இளைஞர்களுக்குத் தாய் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் நண்பர்களே நிற்பதால், வைத்தியரிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வது இயல்பே. கேட்கும் நண்பரும் பல வேளைகளில் அதே இடரில் இருப்பவர் என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தனியாக இதைச் சுமப்பது இருவருக்குமே ஆபத்து.

சாவதைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வளரும் என்ற அச்சம் பிழையானது. அமைதியாகக் கேளுங்கள், புத்திமதி சொல்லாமல் செவிமடுங்கள். திட்டமேதும் வைத்திருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல், உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசரமெனில் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். பொலிஸ் வழக்கு வருமென்று அவர் பயப்படலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதைச் சொல்லுங்கள்.

தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அவரோடு அமர்ந்து அழையுங்கள். கேட்டதன் பாரம் உங்களையும் அழுத்தினால், உங்களுக்காகவும் அதே இலக்கத்தை அழைக்கலாம்.