அம்மாவுக்கு முழங்கால் வலி, அயர்லாந்துல எந்தக் காட்டுப்பாதை ஒத்துவரும்?

கேள்வி: டப்ளின்ல வேலை பாக்கறேன். மே மாசம் அம்மா வர்றாங்க, வயசு 63. இடது முழங்கால் தேய்மானம், சமதரைன்னா ஒரு மணி நேரம் நடப்பாங்க, படி ஏறி இறங்கறதுதான் கஷ்டம். காடு, ஆத்தங்கரை எல்லாம் பாக்கணும்னு ஆசை. எங்கிட்ட கார் இல்ல. ஆப்ல 'ஈஸி'ன்னு போட்டிருக்கற பாதைக்கு நம்பிப் போலாமா? ஒருத்தர் காட்டுக்குள்ள போற பர்மிட்டோட சேத்து ஆளுக்கு 70 யூரோன்னு வேன் டூர் சொல்றார், குடுக்கலாமா?

பதில்: முதல்ல அந்த 70 யூரோவ குடுக்காதீங்க. அயர்லாந்துல நீங்க கேக்கற மாதிரி காட்டு நடைக்கு பர்மிட்னு ஒண்ணு கிடையாது. அரசுக் காடுகள வச்சிருக்கற நிறுவனம் குயில்ட்யா, அவங்க காட்டுல யார் வேணா நடக்கலாம், இலவசம். நேஷனல் பார்க்கும் அப்படித்தான். வேன்காரர் வண்டி வாடகை கேட்டா அது நியாயம், டிரைவர், டீசல் எல்லாம் இருக்கு, ஆனா 'பர்மிட்'ங்கற வார்த்தைய அவர் வாயில எடுத்தாலே அங்கேயே பேச்ச முடிச்சுக்கோங்க. போன வருஷம் நான் கூட்டிட்டுப் போன ஒரு அம்மாவும் அப்பாவும் அதுக்கு முந்தின வாரம்தான் ஒருத்தர்கிட்ட பர்மிட்டுன்னு தலைக்கு 25 யூரோ குடுத்திருந்தாங்க, ரசீது எங்கம்மான்னு கேட்டா அவங்க கைல இருந்தது கார் பார்க்கிங் சீட்டு. ஊர்லேருந்து வர்ற பெரியவங்கள குறி வச்சே இது நடக்குது, எனக்கு வயிறு எரியுது.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அத விளக்கமா சொல்லிடறேன், இல்லன்னா அங்க போய் நின்னுட்டு என்னைய திட்டுவீங்க. விக்லோ கவுண்டில ராத்ட்ரம் பக்கத்துல அவண்டேல், பார்னெல்னு ஒரு பழைய ஐரிஷ் அரசியல் தலைவர் பிறந்த வீடு இருக்கற எஸ்டேட். 1904ல அங்கதான் அரசு வனவியல் பள்ளி ஆரம்பிச்சாங்க. அங்க 2022ல மரங்களுக்கு மேலயே ஒரு மரப்பாதை திறந்தாங்க, 1.4 கிலோமீட்டர், கடைசில 38 மீட்டர் கோபுரம். அந்த மரப்பாதைக்கு டிக்கெட் உண்டு, அது ஏமாத்து வேலை இல்ல, முறையான டிக்கெட். கீழ தரையில இருக்கற காட்டுப் பாதைக்கு டிக்கெட் இல்ல, மேல ஏறணும்னாதான் டிக்கெட். கார்ல போனா பார்க்கிங் காசு தனி. ஆக பார்க்கிங் வேற, மரப்பாதை டிக்கெட் வேற, பர்மிட்னு ஒண்ணு இல்லவே இல்ல, இந்த மூணையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. காசு குடுத்தாலும் உங்க அம்மாவுக்கு நான் சிபாரிசு பண்றது இததான், ஏன்னா படியே இல்லாம வீல்சேர் போற சரிவுல சுத்திச் சுத்தி கோபுர உச்சி வரைக்கும் போயிடலாம், முழங்கால் வலியோட மர உச்சிய கண்ணுக்கு நேரா பாக்கறது வேற எங்க கிடைக்கும். டப்ளின்லேருந்து ராத்ட்ரம் வரைக்கும் ரயில், அங்கேருந்து டாக்சி, திரும்பறதுக்கும் அந்த டாக்சிக்காரர்கிட்டயே நேரம் சொல்லி வச்சுடுங்க.

இப்ப 'ஈஸி' விஷயம். ஆப்ல இருக்கறது யாரோ 28 வயசுப் பையன் ஓடிட்டுப் போய் போட்ட மதிப்பெண், அத விட்டுடுங்க. அயர்லாந்துக்குன்னு ஸ்போர்ட் அயர்லாந்து வச்சிருக்கற தரம் அஞ்சு: மல்டி ஆக்சஸ், ஈஸி, மாடரேட், ஸ்ட்ரெனுவஸ், வெரி டிஃபிகல்ட். அதுலயும் ஈஸின்னா சின்னச் சரிவும் உயரம் கம்மியான படியும் இருக்கலாம்னுதான் அர்த்தம். நீங்க தேட வேண்டியது மல்டி ஆக்சஸ், அதாவது வீல்சேரும் குழந்தை வண்டியும் போற பாதை. படி கஷ்டம்ங்கறவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். இந்தத் தரம், தூரம், ஏத்தம் எல்லாம் பாதை ஆரம்பிக்கற இடத்துல நட்டு வச்ச போர்டுல மட்டும் இல்ல, ஸ்போர்ட் அயர்லாந்தோட வெப்சைட்லயும் இருக்கும், வீட்லயே பாத்துடுங்க, ரெண்டு பஸ் மாறி அங்க போய் நின்னப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது. ஆனா அந்த வெப்சைட்ல பெஞ்ச் எத்தனை, கழிப்பறை திறந்திருக்குமான்னு ஒரு வரி எழுத இவங்களுக்கு என்ன வலிக்குதுன்னு தெரியல, வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்.

தூரம் கம்மின்னா சுலபம்னு நினைக்கறதும் தப்பு. அதே விக்லோல ஏரிப் பள்ளத்தாக்கு கிளெண்டலாக், அங்க பூலனாஸ் அருவிப் பாதை ரெண்டு கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா நட்டுக்குத்தா ஏறும். அங்கயே மலை மேல போற ஸ்பிங்க் பாதைல ரயில் தண்டவாளக் கட்டைல போட்ட படியே 600க்கு மேல, ஃபோட்டோ பாத்து மயங்கி அந்தப் பக்கம் போயிடாதீங்க. அங்கயே க்ரீன் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, 3 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதரை, ஓக் மரக் காட்டுக்குள்ள கீழ் ஏரி ஓரமாவே போகும், புனித கெவின் மடத்தோட வட்ட கோபுரமும் பக்கத்துலயே, உங்க அம்மாவுக்கு அது போதும். பஸ் டப்ளின் நடுவுலேருந்தே நேரா இருக்கு, சனி ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. திரும்பற பஸ் நேரத்த கைல எழுதி வச்சுக்கோங்க, விட்டா நடுரோடுதான்.

ஆத்தங்கரைக்கு நான் சொல்றது ஒரு கால்வாய், ராயல் கேனல், கோச்சுக்காதீங்க. கார் இல்லாதவங்களுக்கு இதுக்கு ஈடே இல்ல. அந்தக் காலத்துல படகை, கரையில நடக்கற குதிரைதான் இழுத்துட்டுப் போகும், அதனால கரைப் பாதைய ஏத்தம் இறக்கம் இல்லாம போட்டிருக்காங்க, லாக், அதாவது படகை மேல கீழ ஏத்தி இறக்கற மதகு, வர்ற இடத்துலதான் லேசா ஏறும். 1845ல ஒரு ரயில் கம்பெனி இந்தக் கால்வாய மொத்தமா வாங்கி ஓரத்துலயே தண்டவாளம் போட்டுச்சு, அதனாலதான் மேனூத், கில்காக் ஸ்டேஷன் ரெண்டும் தண்ணி பக்கத்துலயே இருக்கு. டப்ளின்லேருந்து ரயில்ல போய் மேனூத்ல இறங்கி கில்காக் பக்கம் நடங்க. நடுவுல 6 கிலோமீட்டர் சொச்சம், முதல் நாளே முழுசா வேண்டாம், போன தூரம் திரும்பி வரணும்ங்கறத எல்லாரும் மறந்துடறாங்க, அதனால அரை மணி போய் அரை மணி வாங்க. கால் ஒத்துழைச்சா ரெண்டாவது வாரம் கில்காக் வரைக்கும் போய் அங்கேருந்து ரயில் ஏறிடலாம். கில்காக்ல ரயில் அடிக்கடி வராது, நேரம் பாத்துட்டு கிளம்புங்க. வழியில பெஞ்ச நம்பாதீங்க, ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துக்கோங்க.

நிஜமான ஆறுதான் வேணும்னா கார்லோ பக்கம் பாரோ ஆறு, செயின்ட் மல்லின்ஸ்லேருந்து ஆத்து ஓரமா மேல போற பாதை, பழைய மடம், மரம் அடர்ந்த கரை, நான் பாத்ததுலயே அழகான இடம். ஆனா புல் தரை, மழை பெஞ்சா வழுக்கும், தண்ணி ஓரத்துல தடுப்பு கிடையாது, யாராவது கார்ல கூட்டிட்டுப் போனா காஞ்ச நாளாப் பாத்துப் போங்க.

இன்னொண்ணு. இங்க ஸ்காட்லாந்து மாதிரி எங்க வேணா நடக்கற உரிமை சட்டத்துல இல்ல, நிறைய பாதை விவசாயி சரின்னு சொன்னதால இருக்கறது. அந்த மாதிரி இடத்துல வேலியத் தாண்ட மரப்படி வச்சிருப்பாங்க. ஈரப் பலகை, ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம், மேல போய் ஒரு காலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு திரும்பி இறங்கணும். புடவை கட்டின ஒரு அம்மா அதுல பாதில நின்னுட்டு ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம கம்பத்தப் பிடிச்ச கைய விடாம அழுதாங்க, கூட இருந்தவங்க எல்லாரும் 'ஈஸிதான் ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அம்மாவுக்கு பேன்ட்டும் பிடிப்பான ஷூவும் போதும். மரப்படி வந்தா யோசிக்காம திரும்பிடுங்க.

புல்லுல உண்ணி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் கால் மடிப்பு எல்லாம் பாத்துடுங்க. அப்புறம் ஆத்தங்கரைல ஆள் உயரத்துக்கு மேல ஒரு செடி, கொத்தமல்லிப் பூ மாதிரியே வெள்ளையா குடை குடையா, கொத்தமல்லி குடும்பம்தான், பேரு ஜயன்ட் ஹாக்வீட். நம்ம அம்மாங்களுக்கு எதப் பாத்தாலும் கிள்ளி மோந்து பாக்கற பழக்கம் உண்டு, இதோட சாறு தோல்ல பட்டு வெயிலும் பட்டா தீக்காயம் மாதிரி கொப்புளம் போடும். தெரியாம பட்டுட்டா உடனே சோப்பு தண்ணில கழுவி அந்த இடத்த வெயில் படாம துணியால மூடி டாக்டர்கிட்ட காட்டுங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தச் செடி படத்த ஃபோன்ல அம்மாவுக்கு ஒரு தடவ காட்டிடுங்க.