அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்றால் பிள்ளைகளுக்கும் வருமா?

உங்கள் அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருப்பதால் அது உங்களுக்கும் வருமா, வீட்டில் காரம் அதிகம் சேர்ப்பதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், என் அப்பாவுக்கு இதே நோய் என்று தெரிந்த வாரத்தில், நானும் என் அண்ணனும் இதே இரண்டு கேள்விகளோடுதான் மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தோம். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். அன்று கேட்டதையும் பின்னர் படித்துத் தெளிந்ததையும் எழுதுகிறேன்.

மருத்துவர் காரத்தைப் பற்றிப் பேசவேயில்லை. இரைப்பையின் உட்சுவரில் பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பற்றித்தான் முதலில் சொன்னார். பெரும்பாலும் சிறு வயதிலேயே, ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே பரவும் கிருமி இது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இதைப் பிரித்து வளர்த்தார்கள். வயிற்றின் அமிலத்தில் கிருமி வாழாது என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் அவர்களை ஏற்கத் தயங்கியதால், மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நீண்ட கால அழற்சியால் இரைப்பையின் சுரப்பிகள் தேய்கின்றன. அந்த இடத்தில் குடலின் திசுவைப் போன்ற திசு வளர்கிறது. அதிலிருந்துதான், அதுவும் சிலருக்கு மட்டும், புற்று தோன்றுகிறது. 2001இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்தபோது 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள். கிருமி இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை என்பதையும் அவை சொல்கின்றன.

அப்படியானால் அந்தச் சிலரை எது தள்ளுகிறது? உப்பில் ஊறிய உணவும் புகையிட்ட இறைச்சியும் புகையிலையும் முன்னணியில் நிற்கின்றன. மிகுந்த உப்பு இரைப்பையின் மேற்பூச்சைச் சிதைத்து, கிருமியின் வேலையை எளிதாக்குகிறது. இந்தியாவிலேயே இந்த நோய் மிக அதிகமாகக் காணப்படும் மிசோரமில், புகையிட்ட இறைச்சியோடு, புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்திச் செய்யும் துய்பூர் என்ற நீரையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். மிளகாயைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. என் அப்பா நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். மூன்று வேளையும் ஊறுகாயோ கருவாடோ இல்லாமல் சாப்பிட மாட்டார். நாங்களோ அம்மா வைத்த காரக் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மாவிடம் அப்படிப் பேசியது இன்றும் எனக்கு வருத்தம்.

அன்றாடம் மிகுதியாக மது அருந்துவது, பதப்படுத்திய இறைச்சி, முன்பு இரைப்பையில் நடந்த அறுவைச் சிகிச்சை, பி12 சத்தை உடல் ஏற்காததால் வரும் ஒருவகை இரத்தச்சோகை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஐம்பது வயதுக்கு மேல் கூடுகிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது என்பது உண்மை. ஆனால் குடும்பம் நமக்குத் தருவது மரபணுவை மட்டுமன்று, கிருமியையும் சமையலறையையும் சேர்த்துத்தான். ஹவாய்த் தீவுகளுக்குக் குடியேறிய ஜப்பானியர்களின் பிள்ளைகளுக்கு, தாய்நாட்டில் வாழ்ந்தவர்களைவிட இந்த நோய் குறைவாகவே வந்தது. சிடிஎச்1 என்ற மரபணுப் பிழையால் தலைமுறைதோறும் வருவது மிகச் சில குடும்பங்களில்தான். உங்கள் உறவில் ஐம்பது வயதுக்குள் வேறு எவருக்கேனும் இது வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள்.

எங்கள் இருவருக்கும் பரிசோதனையில் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட்டோம். அதன்பின் செய்த மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. நீங்களும் உடன்பிறந்தவர்களும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் மருத்துவரைக் கேட்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.