டவர் வரும் முன் மண்ணைப் பாருங்கள்: மலைவாசிகள் கேட்டவையும் என் பதில்களும்

செல்போன் டவர்களுக்கு அஸ்திவாரம் போடும் வேலையில் 26 வருஷம் இருந்தேன், பெரும்பாலும் நீலகிரியில், கொஞ்ச காலம் கொடைக்கானல் பக்கம். நிலம், அனுமதி, மண் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி: எங்கள் ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, மேலே தேயிலைச் சரிவை வெட்டி டவர் போட்டிருக்கிறார்கள் அண்ணா. மழைக்காலத்தில் பயமாக இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதல் கேள்வியே நான் எதிர்பார்த்த கேள்வி. டவரின் நான்கு கால்களில் எது வெட்டிய மண்ணில் நிற்கிறது, எது கொட்டி நிரப்பிய மண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சரிவில் சமதளம் எடுக்கும்போது மேல்பக்க மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். அந்தத் தள்ளிய மண்ணில் இரண்டு கால் நின்றால், மழைக்கு அது இறங்கும்.

அடுத்தது தடுப்புச்சுவர். சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகத் துளை விட்டிருப்பார்கள். ஒரு இடத்தில் எண்ணிப் பார்த்தேன்: 12 துளை, அதில் எட்டில் பாசி அடைத்துக்கிடந்தது. ஒரு குச்சியை விட்டுக் குத்தினேன். டீத்தண்ணி நிறத்தில் சேறு பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. கட்டிக் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன், பதிலே வரவில்லை. நாங்களே நாலு பேர் போய்த் துளைகளைச் சுத்தம் செய்தோம்.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த மழையை நேரில் பார்த்தவன் நான். துளைகளையும், சுவரில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூடலூர்: எங்கள் நிலம் செக்‌ஷன் 17-ல் வருகிறது. டவருக்கு வாடகைக்கு விடலாமா?

கையெழுத்துப் போடாதீர்கள். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவு நிலத்தில் உங்கள் உரிமையே இன்னும் தீராத விஷயம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். இது என் துறை இல்லை.

குன்னூர்: மாதம் 40,000 வாடகை, முன்பணம் 20 லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று மெசேஜ் வந்தது.

மோசடி. டவர் வைப்பவர்கள்தான் உங்களுக்குப் பணம் தருவார்கள், உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டார்கள். ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், யாருக்கும் டவர் வைக்கத் தடையில்லாச் சான்று தருவதில்லை. பணம் கட்டிவிட்டீர்களா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கொடைக்கானல்: 2022-லேயே தனியார் நிலத்தில் டவருக்கு அனுமதி வேண்டாம் என்று வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு ஹாக்கா அனுமதி?

பாதி சரி. தனியார் நிலத்தில் டவர் வைக்க அனுமதி கேட்க வேண்டாம், கட்டுமான உறுதிச் சான்றோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் போதும் என்று 2022-ல் வந்த விதித் திருத்தம் சொன்னது. இப்போது நடப்பில் இருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த 2024 விதிகள். 2025 ஜனவரி 1 முதல் அமல். ஆனால் இவையெல்லாம் டவர் என்ற பொருளைப் பற்றியவை. மலையை வெட்டுவதும் மரத்தைச் சாய்ப்பதும் வேறு சட்டங்கள். மரத்துக்கு 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் காட்டுக்கு 1949 சட்டம், வன நிலத்துக்கு 1980 சட்டம். மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், அதாவது ஹாக்கா, 1990-ல் வந்தது. நீலகிரி அதில் அடங்கும், கொடைக்கானல் மலைக் கிராமங்களும் அடங்கும். நீலகிரியில் ஜேசிபி இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும். டவருக்குத் தடையில்லை என்றால் மண்ணுக்கும் தடையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பண்ணைக்காடு: டவர் வந்தபின் என் தேனீப் பெட்டிகள் காலியாகிவிட்டன. கதிர்வீச்சைப் பற்றி ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள்?

தாண்டிக்குடி: இப்படிப் பேசித்தான் எங்கள் பக்கம் டவரே வரவிடாமல் செய்தீர்கள். பிரசவ வலிக்கு 108-ஐ அழைக்க என் தங்கச்சி வீட்டுக்காரர் அரை மைல் மேடு ஏறிப் போனார்.

பண்ணைக்காடு: உங்கள் தங்கச்சிக்குச் சிக்னல் வேண்டும், அதற்கு என் பிழைப்புப் போகணுமா?

இதற்குப் பிறகு இருபது பதிவு இதே சண்டை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பெட்டி காலியாக நோய் உண்டு, மருந்தடிப்பு உண்டு, பூ இல்லாத காலம் உண்டு. பார்க்காமல் டவர்தான் என்று சொல்ல மாட்டேன்.

அலையின் அளவைச் சொல்கிறேன். உலக வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் வைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-ல் 0.9 வாட். ஆன்டெனா கலங்கரை விளக்கம் மாதிரி பக்கவாட்டில் வீசும், நேர் கீழே குறைவு. தூரம் இரட்டித்தால் கால் பங்காகும். சிக்னல் மங்கிய ஊரில் காதோரம் இருக்கும் போன்தான் அதிக சக்தியில் கத்துகிறது. சந்தேகமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் 4,000 ரூபாய் கட்டி அளக்கச் சொல்லுங்கள். ஐந்து வீடு சேர்ந்தால் ஆளுக்கு 800.

தாண்டிக்குடிக்காரரே, மேடு ஏறிப்போனவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அங்கே டவர் வரத்தான் வேண்டும். பாறை தெரியும் முகட்டில் வரட்டும், நிரப்பிய மண்ணில் வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

ஊட்டி: முத்தோரை ரேடியோ டெலஸ்கோப்புக்கு டவரால் தொந்தரவு இல்லையா சார்?

அருமையான கேள்வி! 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சுமார் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து வைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான், அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. வானத்திலிருந்து அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், செல்போன் அலைவரிசை அதற்கு மேலே. ஆனாலும் பக்கத்தில் வலுவான எந்த அலையும் நுண்ணிய கருவிக்கு இடைஞ்சல்தான். டவர் வைக்கும் இடத்துக்கு சாக்ஃபா என்ற மத்தியக் குழு ஒப்புதல் தர வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விமானப் பாதையையும் அவர்களே பார்ப்பார்கள்.

வெலிங்டன்: கன்டோன்மென்ட் எல்லைக்குள்?

கன்டோன்மென்ட் போர்டில் கேளுங்கள்.

அருவங்காடு: ஜெனரேட்டர் சத்தம் தாங்கவில்லை.

மூடிய கூண்டு இருக்க வேண்டும், ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.

கேத்தி: ட்ராய் முத்திரையோடு கடிதம் வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம்...

மோசடி. இன்றைக்கு நான்காவது ஆள். மேலே குன்னூருக்குச் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கோத்தகிரி: அண்ணா, பார்த்துவிட்டேன். ஒரு துளையிலும் தண்ணீர் வரவில்லை. சுவரில் விரல் நுழையும் விரிசல். சுவருக்குக் கீழே மூன்று வீடு.

அந்த மூன்று வீட்டுக்காரர்களை இன்று ராத்திரியே வேறு இடத்தில் படுக்கச் சொல்லுங்கள். யாரும் சுவருக்குக் கீழே நின்று துளையைக் குத்த வேண்டாம். விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, விஏஓவுக்கும் தாசில்தாருக்கும் உடனே அனுப்புங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. நாளை காலை ஏழு மணிக்கு நானும் வருகிறேன். ஹட்டியின் பெயரைத் தனியாக அனுப்புங்கள்.