சல்லிசு டிக்கெட் எடுத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? கேளுங்கள், சொல்கிறேன்

ஒன்பது வருடம் விமான நிலையக் கவுன்டருக்கு உள்பக்கம் நின்றவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

கேள்வி: கோவாவிலிருந்து சென்னைக்கு இரவு 9.40 விமானம். அரை மணி, அரை மணியாகத் தள்ளிப் போட்டு, விடிகாலை 4.15-க்குக் கிளம்பியது. ஹோட்டல் கேட்டால் "ஆஃபர் டிக்கெட்டுக்கு அதெல்லாம் இல்லை சார்" என்றார்கள். இரண்டு குழந்தைகளும் துண்டு விரித்துத் தரையில் தூங்கின. காரணம், விமானத்தில் கோளாறாம்.

பதில்: டிக்கெட் 1,800 ரூபாயா 8,000 ரூபாயா என்று டிஜிசிஏ (விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) விதி பார்ப்பதே இல்லை. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் செலவு அவர்களுடையது. உங்களுக்கு ஆனது 6 மணி 35 நிமிடம். அரை அரை மணியாகத் தள்ளுவதில்தான் சூட்சுமம், எந்த அறிவிப்பிலும் மொத்தம் 6 மணி என்று இருக்காது, கணக்கு 6-ஐத் தாண்டும்போது போர்டிங் ஆரம்பித்திருக்கும். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வையுங்கள், அதுதான் சாட்சி. அப்புறம், இந்த மாதிரிச் சின்னத் தூரத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். கூப்பன் கட்டு எங்கள் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும், கேட்டவருக்கு மட்டும் வெளியே வரும்.

கேள்வி: பனிமூட்டம் என்று சொல்லிவிட்டால்?

பதில்: அங்கேதான் நம் விதி இளைத்துப்போகிறது. வானிலை, அரசியல் கலவரம் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, தாமதமானால் சாப்பாடு, ஹோட்டலிலிருந்துகூட நழுவ வழி இருக்கிறது. ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம், அது போகாது. ஐரோப்பாவில் கதை வேறு. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்தபோது, டப்ளின் திரும்ப வேண்டிய ரயன்ஏர் பயணி ஒருவர் போர்ச்சுகலின் ஃபாரோவில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டார். எரிமலையே ஆனாலும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆன நியாயமான செலவைக் கொடுத்தாக வேண்டும், அதற்கு உச்சவரம்பும் இல்லை என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கேட்டது ஏறக்குறைய 1,130 யூரோ. நமக்கும் இது வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: மதுரை–சென்னை ஒரு கம்பெனி, சென்னை–பாங்காக் இன்னொரு கம்பெனி, தனித்தனியாக எடுத்தேன். முதலாவது தாமதம், இரண்டாவது போயே விட்டது.

பதில்: வருத்தமான பதில்தான். பிஎன்ஆர், அதாவது டிக்கெட்டின் முன்பதிவு எண், வேறு என்றால் பாங்காக் கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே பிஎன்ஆரில் எடுங்கள், இல்லையா, முந்தின நாளே சென்னை போய்விடுங்கள்.

கேள்வி: கம்பெனியே மூடிவிட்டால்?

பதில்: நம் ஊர் விமான நிறுவனம் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியபோது பார்த்தோமே, டிக்கெட் வாங்கியவர்களும் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2019-இல் பிரிட்டனின் சுற்றுலா நிறுவனம் தாமஸ் குக் விழுந்தபோது பிரிட்டன் அரசு தனி விமானங்கள் அமர்த்தி ஒன்றரை லட்சம் பேரை ஊர் சேர்த்தது. அங்கே சுற்றுலாப் பேக்கேஜ்களுக்கு ஆளுக்கு 2.50 பவுண்டு முன்கூட்டியே வாங்கி நிதி சேர்க்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரும்படி, கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கவுன்டரில் பேச ஆளே இல்லை. எங்கே புகார் செய்வது?

பதில்: முதலில் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல், பிறகு ஏர்சேவா என்ற மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார்த் தளம், அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவாவுக்கோ டெல்லிக்கோ போக வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. போர்டிங் பாஸைக் கசக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் வந்து நிற்காதீர்கள்.