போன பேன் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: என் மகள் காட்பாடியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மெடிக்கலில் பேன் மருந்து வாங்கிப் போட்டால் ஒரு வாரம் சரியாக இருக்கிறது. அப்புறம் மறுபடியும் தலையைச் சொறிகிறாள். மாமியார் மொட்டை அடித்துவிடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மருந்து வேலை செய்திருக்கிறது, நீங்கள்தான் பாதியில் விட்டுவிட்டீர்கள். வழக்கமாகக் கிடைக்கும் பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் பேனைக் கொல்லும். ஈர் பெரும்பாலும் தப்பிவிடும். அது 7 முதல் 10 நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள், 9-ம் நாள் வாக்கில், இன்னொரு முறை போட்டாக வேண்டும்.

எண்ணெய் வைத்த தலையில் மருந்தைத் தடவாதீர்கள். ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டிவிட்டு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் படும்படி தடவி, 10 நிமிடம் கழித்து அலசுங்கள். அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, முடியை ஈரமாக்கிப் பேன் சீப்பால் வேரிலிருந்து வாருங்கள். மூன்று வாரம் இதை விடக்கூடாது. அலுப்பான வேலைதான், ஆனால் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஏறிக்கொள்ளும். அதனால் அதே நாளில் வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள். குழந்தை பாட்டியோடு படுப்பவள் என்றால், மொட்டை யோசனை சொன்ன மாமியார் தலையையும்தான்! கீழே விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். வீட்டுக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றை வெந்நீரில் போட்டால் போதும்.

திருப்பதிக்கோ வள்ளிமலைக்கோ வேண்டுதல் இருந்தால் தாராளமாக மொட்டை அடியுங்கள். பேனுக்காக வேண்டாம், முடி வளர்ந்ததும் பக்கத்துத் தோழியிடமிருந்து மறுபடி வரும். பள்ளியையும் நிறுத்த வேண்டாம். டீச்சரிடம் சொன்னால், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கும் அதே வாரத்தில் பார்த்துவிடலாம்.

ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் வரும் காலத்தில் அதன் விதையை அரைத்துத் தடவுகிறவர்கள் உண்டு. கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இரண்டையும் தலைப்பக்கமே கொண்டுபோகாதீர்கள்; உயிருக்கே ஆபத்து.

இரண்டு முறை போட்ட பிறகும் உயிருள்ள பேன் தென்பட்டாலோ, சொறிந்த இடம் சீழ் பிடித்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். மருந்தை மாற்றித் தருவார்கள்.