கைமாறும் முன்பே தீர்மானியுங்கள்: பழங்குடி அரசுகளின் தரவு பற்றிய கேள்வி-பதில்

அமெரிக்காவில் ஃபெடரல் அரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் 570-க்கும் மேல் உள்ளன. நிலம், நீர், உடல்நலம், நீதிமன்றம் என்று எதை எடுத்தாலும் அவை ஃபெடரல் துறைகளோடு தரவு பகிர வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் இருப்பவர்கள் கேட்ட சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சாலைத் திட்டம் ஒன்றுக்காக, எங்கள் புனித இடங்களும் புதைவிடங்களும் குறித்த வரைபடக் கோப்பை ஃபெடரல் துறை கேட்கிறது. 'ரகசியம்' என்று எழுதி அனுப்பினால் போதுமா?

போதாது. கோப்பு துறையின் கைக்குப் போய்விட்டால், 1966-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கிளமாத் பழங்குடியினர் தண்ணீர் உரிமை பற்றி இந்தியர் விவகாரத் துறைக்கு எழுதியவற்றைப் பாசனக்காரர்களின் சங்கம் கேட்டது. அவை அரசுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து, அதனால் விலக்கு உண்டு என்று துறை வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2001-இல் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தது.

சில சட்டங்கள் உதவும். தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு இடக்குறிப்பை மறைக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்த இடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மூலிகை பறிக்கும் சரிவு ஒன்றுக்கு அந்தத் தகுதி தீர்மானிக்கப்படாமல் இருந்தால் பிரிவு கைகொடுக்காது. 1979-இன் தொல்லியல் வளச் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு மட்டும். 2008-இன் வேளாண் சட்டம் தரும் பாதுகாப்பு வனத்துறைக்கானது, மற்ற துறைகள் அதைக் காட்டி மறுக்க முடியாது.

ஆகவே கோப்பைக் கொடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். முதலில் திட்ட எல்லையை அவர்களிடமிருந்து வாங்கி, உங்கள் அலுவலகத்திலேயே பொருத்திப் பார்த்து, 'இந்தப் பகுதியைத் தவிர்க்கவும்' என்று மட்டும் பதில் எழுதுங்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. அவர்கள் நேரில் பார்த்தே தீர வேண்டுமென்றால் உங்கள் திரையில் காட்டுங்கள். படமெடுக்கவும் குறிப்பெடுக்கவும் அனுமதி வேண்டாம். துறை பெற்றுத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுதான் தகவல் சுதந்திரச் சட்டப்படி 'துறை ஆவணம்' என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கணினியை விட்டு நகராத கோப்பு அந்த வரையறைக்குள் வருவது கடினம்.

கொடுத்தே ஆக வேண்டுமானால் துல்லியத்தைக் குறையுங்கள். ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மங்கல் கிடைக்கும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. புள்ளியைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் வரைந்து, 'இடத்தை மறைத்துவிட்டோம்' என்று நினைப்பார்கள். வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்க எந்த வரைபட மென்பொருளுக்கும் ஒரு சொடுக்குப் போதும். ஓடை, முகடு, நிலப்பிரிவு எல்லை ஆகியவற்றை ஒட்டிய ஒழுங்கற்ற பரப்பாக வரையுங்கள். அனுப்பும் முன் கோப்பின் பண்புப் பட்டியலை (ஒவ்வோர் இடத்துக்கும் உரிய விவரங்கள் கொண்ட அட்டவணையை) திறந்து சடங்கின் பெயர், சொன்னவர் பெயர், குறிப்பு ஆகிய நெடுவரிசைகளை நீக்குங்கள். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத அவை கோப்போடு சேர்ந்தே பயணிக்கும்.

கேள்வி: ஆற்று நீரின் அளவீடுகளை இபிஏவின் (ஃபெடரல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின்) நீர்த்தரப் பரிமாற்றத் தளத்தில் ஏற்றினால் பல வரிகள் நிராகரிக்கப்படுகின்றன. ஏன்?

மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலை முதலில் ஏற்றினீர்களா என்று பாருங்கள். இடமே பதிவாகாத அளவீட்டைத் தளம் ஏற்காது. அடுத்த காரணம், முடிவு நெடுவரிசையில் '<0.5' என்றோ 'இல்லை' என்றோ எழுதுவது. அங்கே எண்ணை மட்டும் எழுதுங்கள். பொருள் தென்படவில்லை என்றால் முடிவைக் காலியாக விட்டு, 'தென்படவில்லை' என்பதற்கான நிலைக்குறியைத் தனி நெடுவரிசையில் தேர்ந்து, கண்டறி வரம்பின் (ஆய்வுமுறை கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவின்) வகை, மதிப்பு, அலகு மூன்றையும் நிரப்புங்கள். அளவிட்ட பொருளின் பெயர் இபிஏவின் பட்டியலில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

நிராகரிக்கப்படாமல் உள்ளே நுழைந்துவிடும் பிழைகள்தான் இன்னும் ஆபத்து. அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ நாடு மாற்றுகிறது, அதன் நடுவே இருக்கும் ஹோப்பி நிலம் மாற்றுவதில்லை. ஆற்றில் போட்ட கருவி ஒரு நேரத்திலும் கைக்குறிப்பு வேறு நேரத்திலும் இருந்தால், ஜூலையில் எல்லா வரியும் ஒரு மணி நேரம் பிசகும். கரைந்த ஆக்சிஜன் பகலில் ஏறி இரவில் இறங்குவது. அந்தப் பிசகு அதில் அப்படியே தெரியும். ஒவ்வொரு வரியிலும் நேர மண்டலத்தை எழுதுங்கள். இடக்குறிப்புக்கு எந்த நில ஆதாரம் (ஆயத்தொலைவுகளைக் கணக்கிடும் அடிப்படை அளவுமுறை) என்பதையும் எழுதுங்கள். 1927-இன் ஆதாரத்தை 1983-இனுடையது என்று கொண்டால் மேற்குக் கரையில் புள்ளி ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளிப்போகும்.

இந்தத் தளத்தில் ஏறுவது பொதுமக்கள் பார்வைக்கும் போகும். சடங்குக்குரிய சுனையின் அளவீடுகளை இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மக்கள்தொகை ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு எண்ணாக இருக்கிறது. எதைப் பிடித்துக்கொள்வது?

எல்லாவற்றையும், வரையறையோடு. ஷானி பழங்குடிக்கு 2,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2020 கொரோனா நிதியைப் பிரிக்கும்போது நிதித்துறை எடுத்துக்கொண்டது வீட்டுவசதித் திட்டத்தின் எண்ணை. அதில் ஷானியின் மக்கள்தொகை பூஜ்யம். கைக்குக் கிடைத்தது குறைந்தபட்சத் தொகையான 1,00,000 டாலர். நீதிமன்றப் படியேறிய பின்பே, 2021-இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்தப் பூஜ்யத்தை யாரும் அங்கே திருட்டுத்தனமாக வைக்கவில்லை. உறுப்பினர் எண்ணிக்கையும் ஒரு குறிப்பிட்ட பரப்பில் வசிப்போர் எண்ணிக்கையும் வேறு வேறு என்பதைப் பார்க்காமல் எடுத்ததன் விளைவு அது.

உறுப்பினர், நிலத்தில் வசிப்போர், சேவை பெறுவோர் என்று மூன்று எண்களை, எண்ணிய தேதியோடு, ஆண்டுதோறும் சான்றளித்து வையுங்கள். சென்சஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2020 கணக்கெடுப்பு ஒதுக்கு நிலங்களில் வாழ்ந்த பூர்வகுடிகளில் 5.64 சதவீதத்தைத் தவறவிட்டது. அதைச் சொன்னது சென்சஸ் துறையின் சொந்தச் சரிபார்ப்பே. வீட்டுவசதி ஒதுக்கீட்டின் எண்ணை ஆட்சேபிக்க முறை உண்டு. பணம் பிரிக்கும் முன்பே செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் நோய்ப்பரவியல் மையம் கேட்கும் தரவை ஃபெடரல் துறையினர் ஹிப்பாவை (நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும் சட்டத்தை) காட்டி மறுக்கிறார்கள்.

மறுக்கக் காரணமில்லை. 12 பழங்குடி நோய்ப்பரவியல் மையங்களையும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சுகாதார அதிகார அமைப்புகளாகக் கருதுகிறது. அத்தகைய அமைப்புக்கு நோயாளியின் தனி ஒப்புதல் இல்லாமலே தர ஹிப்பா இடம் கொடுக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2022-இல் இதே சிக்கலைச் சுட்டிக்காட்டியது. விண்ணப்பத்தில் சட்டப் பிரிவு, நோக்கம், வேண்டிய நெடுவரிசைகள், கால எல்லை நான்கையும் எழுதுங்கள். 'எல்லாத் தரவும் வேண்டும்' என்ற விண்ணப்பம்தான் மேசையில் கிடந்து போகும்.

தரவு கிடைத்தபின் வெளியிடும்போது கவனம் தேவை. மொத்தம் 41, இரண்டு ஊர்கள் 20, 17, மூன்றாவது மறைக்கப்பட்டது என்று அட்டவணை போட்டால், அது 4 என்று குழந்தையும் கழித்துச் சொல்லும். சிறிய ஊரில் அந்த நால்வர் யாரென்று ஊருக்கே தெரியும். இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறையுங்கள்.

கேள்வி: 1974-இன் தனியுரிமைச் சட்டம் எங்கள் அரசைக் காக்குமா?

காக்காது. அது தனிமனிதருக்கானது. ஒரு சமூகத்தின் கூட்டு அறிவுக்கு ஒப்பந்தம்தான் வேலி.

கேள்வி: அப்படியானால் ஒப்பந்தத்தில் எதை விடக்கூடாது?

நோக்கத்தை. அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990-களில் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம் மனநோய், இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனது. 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் சமரசம் ஏற்பட்டு, 7,00,000 டாலரோடு மாதிரிகள் திரும்பி வந்தன. புதிய பயன் ஒவ்வொன்றுக்கும் புதிய எழுத்து ஒப்புதல் என்று எழுதுங்கள். துணை ஒப்பந்தக்காரரையும் அது கட்டுப்படுத்த வேண்டும். தகவல் கேட்டு யாராவது விண்ணப்பித்தால் வெளியிடும் முன் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். 'முடிந்ததும் அழித்துவிடுவோம்' என்ற வாக்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஃபெடரல் ஆவணமாகிவிட்டதைக் காப்புக்கால அட்டவணைக்கு முன் அழிக்கத் துறைக்கே அதிகாரமில்லை. அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: எங்கள் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவுகள் (ஒருவரைத் துன்புறுத்தவோ மிரட்டவோ கூடாது என்று இடும் உத்தரவுகள்) ஃபெடரல் குற்றத் தரவுத்தளத்தில் ஏறுவது உறுதியா?

தானாக ஏறாது. 2014-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி மாணவன் ஒருவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற துப்பாக்கி அவன் தந்தை வாங்கியது. அவர்மீது பழங்குடி நீதிமன்ற உத்தரவு இருந்தது, தளத்தில் ஏறவில்லை, துப்பாக்கிக் கடையில் செய்த பின்னணிச் சோதனையில் தடை எதுவும் வரவில்லை. 2015-இல் நீதித்துறை தொடங்கிய பழங்குடி அணுகல் திட்டத்தில் சேர்ந்தால் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம்.

நடைமுறையில் இரண்டு இடத்தில் தடங்கும். பிறந்த தேதி போன்ற எண் அடையாளம் இல்லாத உத்தரவைத் தளம் ஏற்காது. எனவே மனு வாங்கும் படிவத்திலேயே அதற்குக் கட்டம் போட்டு, மனுதாரர் மேசை முன் நிற்கும்போதே கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, நள்ளிரவில் வேறு மாநிலக் காவலர் ஒருவர் உத்தரவு நடப்பில் உள்ளதா என்று அவசரமாகக் கேட்டால் 10 நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். உங்கள் அலுவலகம் மாலையில் பூட்டப்படுமென்றால், 24 மணி நேரமும் ஆள் இருக்கும் பக்கத்து மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தோடு ஒப்பந்தம் செய்து, உத்தரவின் நகலை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.