வாசல் பார்க்கும் மலை

கேள்வி: தென் ஸ்பெயினின் அந்தெகேரா நகரில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது. இயற்கை எழிலைப் பார்ப்பதா, வரலாற்றுச் சின்னங்களைப் பார்ப்பதா? அங்குள்ள கல்திட்டைகள் வெறும் கற்குவியல் என்கிறார் என் நண்பர்.

பதில்: அந்தெகேராவில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, பிரித்துப் பார்ப்பவர் இரண்டையுமே இழப்பார். உங்கள் நண்பர் கற்குவியல் என்று தள்ளிவிட்ட மெங்கா கல்திட்டை, பெரும் பாறைகளை நிறுத்தி மேலே கூரைக் கற்களை வைத்துக் கட்டிய கல்லறை; உலோகக் கருவிகள் புழங்காத புதிய கற்காலத்தில், ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்டது. அதன் கூரைக் கற்களில் மிகப் பெரியது சுமார் 150 டன் எடை கொண்டது. அந்நிலப்பகுதியின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் பெரும்பாலானவை சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருக்க, மெங்காவின் வாசலோ சமவெளியில் தனித்து நிற்கும் 'காதலர் பாறை' என்ற மலையை நோக்குகிறது. மல்லாந்து படுத்த மனித முகம் போன்ற அந்த மலையை அறையின் உள்ளே நின்று வாசல் வழியாகப் பாருங்கள். கட்டியவர்கள் எதை வணங்கத்தக்கதாகக் கருதியிருப்பார்கள் என்ற கேள்வி உங்களுக்கும் எழும்.

சற்றுத் தொலைவில் உள்ள ரொமெரால் கல்லறையும் அப்படித்தான்: சிறு கற்களை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டிக் குவிமாடம் போல எழுப்பிய அந்தக் கல்லறையின் வாசல், தெற்கே உள்ள எல் டோர்கல் மலைத்தொடரை நோக்குகிறது. மெங்காவின் அருகிலேயே இருக்கும் வியெரா, பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளின் சூரிய உதயத்தை நோக்குகிறது. 2016-இல் யுனெஸ்கோ இந்த மூன்று கல்லறைகளையும் அந்த இரண்டு மலைகளையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.

எல் டோர்கல், ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. நிலம் உயர்ந்து கடல் விலகிய பின், மழைநீர் அதைக் கரைத்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போன்ற தூண்களாக ஆக்கியிருக்கிறது. 1410-இல் பெர்னாந்தோ இளவரசர் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றிய கோட்டையும் ஊருக்குள் இருக்கிறது. நேரம் போதாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

காலையில் மெங்கா, அடுத்து ரொமெரால், பிற்பகலில் டோர்கல் என்று போங்கள். மலையில் மூடுபனி இறங்கினால் குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். எல்லாத் தூண்களும் ஒன்றுபோலவே தெரியும்.